புதுப்பட்டி பஸ்ஸில் ஏறாத நாள்

கூடைப்பந்து விளையாடித்தான் எனக்கு வேலை கிடைத்தது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. இப்போது இருக்கிற உடம்பைப் பார்த்தால் நானே நம்ப மாட்டேன். ஆனாலும் அலுவலகத்தில் என் கோப்புக்குள் ஒரு சான்றிதழ் இருக்கிறது. பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் நான் ஆடியதாக அதில் போட்டிருக்கிறது. ஆடியது உண்மைதான், மொத்தமாக ஒரு ஆறு நிமிடம் ஆடியிருப்பேன். அந்தச் சான்றிதழை நான் வாங்கின கதையை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு முன் நாலைந்து தடவை உட்கார்ந்து, பாதியில் எழுந்து போய்த் துணி துவைத்திருக்கிறேன். இந்தத் தடவை துவைக்கத் துணி இல்லை.

எனக்கு ஊர் விருதுநகர். அப்பாவுக்கு மிளகாய் வத்தல் மண்டியில் வேலை. சாயங்காலம் அவர் வீட்டுக்குள் காலை வைத்ததும் நாங்கள் வரிசையாகத் தும்முவோம். பதினாறு வயதில் நான் அப்பாவைத் தாண்டி வளர்ந்துவிட்டேன். அம்மாவுக்கு அது தீராத கவலை. இவளுக்கு எந்த ஊரில் போய் மாப்பிள்ளை தேடுவது என்று பால் ஊற்ற வருகிறவரிடம்கூட விசாரிப்பாள். நானும் உயரம் தெரிய வேண்டாம் என்று தோளைக் குறுக்கிக் கூன் போட்டே நடந்தேன்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் வந்த வருடங்கள் அவை. நான் எங்கள் ஊர்க் கல்லூரியில் சேர்ந்த வருடம்தான் அங்கே பெண்களுக்கென்று ஒரு கூடைப்பந்து அணி தொடங்கினார்கள். அதுவரை அந்த மைதானம் பையன்களுக்கு மட்டும் சொந்தம். புதிதாக வந்திருந்த பி.டி. மேடம் கேன்டீன் வாசலில் என்னைப் பார்த்தார். என்ன படிக்கிறாய், எந்த ஊர் என்றெல்லாம் கேட்கவில்லை. நிமிர்ந்து நில் என்றார். நிமிர்ந்தேன். நாளைக் காலை ஆறரைக்கு மைதானத்துக்கு வந்துவிடு என்றார். பிறந்ததிலிருந்து என்னிடம் யாரும் நிமிர்ந்து நிற்கச் சொன்னதில்லை. அதற்காகவே போனேன்.

முதல் ஒரு மாதம் பந்து எங்களை விளையாடியது. மூக்கில் அடித்தது, விரலை மடக்கியது, வேலி தாண்டிப் போய்ப் பையன்களைக் கூட்டி வந்தது. ஜெர்சி தைக்கக் கொடுத்த டெய்லருக்குப் பெண்களுக்கு விளையாட்டு உடுப்பு தைத்துப் பழக்கமில்லை. பாதி நைட்டி மாதிரி ஒன்றைத் தைத்துக் கொடுத்துவிட்டு, கௌரவமாக இருக்கும் என்றார். அதைப் போட்டுக்கொண்டுதான் சாத்தூரில் எங்கள் முதல் ஆட்டத்தை ஆடினோம். எத்தனை பாயிண்டில் தோற்றோம் என்று சொல்ல மாட்டேன்.

இந்தக் கதையில் இன்னொருத்தி இருக்கிறாள், அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எம். புதுப்பட்டி என்கிற ஊரிலிருந்து வருகிறவள். வெடி கம்பெனிகள் சூழ்ந்த ஊர் அது. இரண்டு பஸ் மாறி வர வேண்டும். அந்த நேரத்தை விட்டால் பஸ் இல்லை என்பதால் வகுப்புக்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே வந்து மைதானத்து ஓரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள். ஓடி வருகிற பந்துகளை எடுத்து எறிவாள். ஒரு நாள் மேடம், அங்கிருந்தே ரிங்கில் போடு பார்க்கலாம் என்று விளையாட்டாகச் சொன்னார். அவள் புத்தகத்தைக் கீழே வைத்தாள். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து இரண்டு கையாலும் எறிந்தாள். பந்து ரிங்கில் படாமல் உள்ளே இறங்கியது. மேடம் இன்னொரு தடவை போடச் சொன்னார். அதுவும் இறங்கியது.

என் தோளுக்குத்தான் வருவாள். ஆனால் பந்து கையில் இருந்தால் அவளைப் பிடிக்க முடியாது. நாலு பேருக்கு நடுவில் குனிந்து நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிடுவாள். என் வேலை ரிங்குக்குக் கீழே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது. அவள் பந்தைச் சரியாக என் கையில் கொண்டுவந்து வைப்பாள். நான் போடுவேன், எல்லோரும் எனக்குக் கை தட்டுவார்கள். அவளோடு ஆடின காலத்தில் எனக்குக் கிடைத்த கைதட்டலில் முக்கால்வாசி அவளுடையது. இது எனக்கு அப்போதே தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

அவள் வீட்டில் அவளும் அவள் அம்மாவும் மட்டும்தான். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா பட்டாசு கம்பெனியில் மருந்து அடைக்கிற அறையில் வேலை பார்த்தார். அங்கெல்லாம் மருந்து என்றால் வெடிமருந்துதான். நாலு பேருக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாத சின்ன அறை, நாலு பக்கமும் கதவு. ஏதாவது ஆனால் எந்தப் பக்கமும் ஓடலாம் என்பதற்காக. லீவு நாளில் இவளும் கம்பெனிக்குப் போவாள். திங்கட்கிழமை வரும்போது நகக்கண்ணில் வெள்ளிப் பொடி இருக்கும். பந்தில் அவள் விரல் பட்ட இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் மினுங்கும். நான் அதைத் துடைத்துவிட்டுத்தான் பந்தைத் தொடுவேன். வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் செய்தேன்.

இரண்டாம் வருடம் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. எல்லாக் கல்லூரியிலிருந்தும் பெண்கள் மதுரைக்கு வருவார்கள், பன்னிரண்டு பேரை எடுப்பார்கள். எடுத்தால் ஒரு சான்றிதழ். அது இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலைக்கு வழி உண்டு. எங்களில் அவளும் நானும் மட்டும் போகிற மாதிரி மேடம் முடிவு செய்தார். நம் கல்லூரியிலிருந்து ஒருத்தியை எடுத்தாலே பெரிய விஷயம் என்று எங்களிடம் சொன்னார். அந்த ஒருத்தி யார் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. நான் இல்லை.

அன்றைக்குப் பயிற்சி முடிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அவள் என்னிடம் சொன்னாள்: "அது மட்டும் கெடச்சிட்டா எங்கம்மாவ அந்த ரூம விட்டு வெளிய கொண்டாந்திருவேன் புள்ள. அம்புட்டுதான் எனக்கு." நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. ஏதாவது நல்லதாகத்தான் சொல்லியிருப்பேன், அதில் நான் கெட்டிக்காரி.

தீபாவளி சீசன் வந்தது. அந்த வருடம் ஊரெல்லாம் சிக்குன்குனியா. முடக்குக் காய்ச்சல் என்று எங்கள் பக்கம் சொன்னார்கள். அவள் அம்மாவும் படுத்துவிட்டார். எழுந்து நடக்க முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கொல்லைக்குப் போகிறார் என்றாள். சீசனில் வேலைக்குப் போகாமல் இருந்தால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அதனால் வீட்டில் ஒருவர் படுத்தால் இன்னொருவர் பதிலாள் போவது அங்கே வழக்கம். அம்மா இடத்தில் அவள் போனாள். மதுரையில் அணித் தேர்வு வெள்ளிக்கிழமை என்று முதலில் சொல்லியிருந்தார்கள். வியாழன் வரைக்கும் வேலைக்குப் போய்விட்டு, வெள்ளி காலையில் நேராகக் கல்லூரிக்கு வந்துவிடுகிறேன் என்று மேடத்திடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் மேடத்துக்குப் போன் வந்தது. தேர்வை முன்னாலேயே வைத்துவிட்டார்கள், புதன்கிழமை. அவள் வீட்டில் போன் கிடையாது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகவே கூடாது, வெளியாளையும் உள்ளே விட மாட்டார்கள். மேடம் என்னைக் கூப்பிட்டார். நாளைக்கு நீ வகுப்புக்குப் போக வேண்டாம், புதுப்பட்டிக்குப் போய் அவளைப் பார், இல்லாவிட்டால் வீட்டில் சொல்லிவிட்டு வா என்றார். எத்தனையோ பேர் இருக்க என்னை அனுப்பினதற்குக் காரணம், நான் அவளுக்கு உயிர்த் தோழி என்று அவர் நம்பினது. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். இதுவரைக்கும் என்னிடம் ஒரு தப்பும் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். சொல்லத்தான் வந்தேன். புதுப்பட்டி பஸ் வந்தபோது கூட்டம் நெரிந்தது. அடுத்ததில் போகலாம் என்று ஒதுங்கி நின்றேன். அடுத்தது வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரம்தான் என்னைக் கெடுத்தது. ஒரு கடை நிழலில் நின்றுகொண்டு, ஒருத்தியை எடுத்தாலே பெரிசு என்று மேடம் சொன்னதை நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வராவிட்டால் அந்த ஒருத்தி யார் என்று ஒரு தடவை நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

இரண்டாவது பஸ் காலியாக வந்தது. ஜன்னலோரம்கூட இடம் இருந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து, புதுப்பட்டியா, ஏறு என்றார். நான் தலையை ஆட்டி இல்லை என்றேன். பஸ் போய்விட்டது. நான் சர்பத் ஒன்று வாங்கிக் குடித்தேன். அப்புறம் எதிர்ப்பக்கம் போய் விருதுநகர் பஸ்ஸில் ஏறினேன். மறந்துவிட்டேன், உடம்பு சரியில்லை, வழி தெரியவில்லை என்று எதையாவது சொல்லித் தப்பிக்க முடியாது. எல்லாம் தெரிந்து, தெளிவான புத்தியோடு செய்தேன். வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிடக்கூடச் செய்தேன்.

மறுநாள் விடிகாலை மதுரை பஸ்ஸுக்கு நிற்கும்போது மேடம் கேட்டார். வாய் கூசாமல் சொன்னேன். கம்பெனிக்குள் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் மேடம், வீட்டுக்குப் போனேன், அவள் அம்மாவிடம் சொன்னேன், காய்ச்சலில் படுத்திருந்தார்கள், கட்டாயம் சொல்லிவிடுகிறேன் என்றார்கள். இவ்வளவையும் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னேன். இரண்டு பஸ்ஸை விட்டுப் பார்த்தோம். மூன்றாவதில் ஏறும்போது மேடம், இந்தப் பிள்ளைக்கு அக்கறை இருக்கும் என்று நினைத்தேனே என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என்னை எடுத்தார்கள். உயரத்துக்காக எடுத்தார்கள். அதை அவர்களே சொன்னார்கள். முடிந்து கிளம்பும்போது ஆள் எடுத்தவர்களில் ஒரு பெரியவர் மேடத்திடம் வந்தார். நெட்டையாக நாலு பேர் கிடைத்துவிட்டார்கள், பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி ஒரு சின்னப் பெண்தான் சிக்கவில்லை, பன்னிரண்டாவது இடத்துக்கு யாரையோ போட்டு நிரப்பியிருக்கிறோம் என்றார். மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார். அவள் வந்திருந்தால் அவளையும் எடுத்திருப்பார்கள், என்னையும் எடுத்திருப்பார்கள். ஒருத்தியின் இடத்தை இன்னொருத்தி பிடுங்க வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை. அட சண்டாளி என்று என்னை நானே திட்டிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். திட்டினேனே தவிர, பக்கத்து சீட்டில் இருந்த மேடத்திடம் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் வந்தாள். தலைக்குக் குளித்துப் பின்னல் போட்டு, ஷூவை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மேடம் அவளைப் பேசவிடாமல் திட்டினார். அவள் ஒன்றும் புரியாமல் நின்றாள். புரிந்ததும் என்னிடம் வந்தாள். கோபமாக வரவில்லை. ஏதோ குழப்பம் நடந்திருக்கிறது, நான் அதைச் சரி செய்துவிடுவேன் என்கிற முகத்தோடு வந்தாள்.

"நீ வீட்டுக்கு வந்தியா? எங்கம்மா ஒண்ணுமே சொல்லலியே."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மைதானத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. நான் சொன்னது இது: "வந்தேனே. நல்லாத்தான் சொல்லிட்டு வந்தேன். காய்ச்சல்ல கெடந்தாங்க, மறந்திருப்பாங்க."

ஒரு பொய்யோடு நின்றிருந்தால் அது அவளுக்குச் செய்த துரோகமாக மட்டும் இருந்திருக்கும். இரண்டாவதைச் சொல்லி அவள் அம்மா மேல் பழியைப் போட்டுவிட்டேன். அவள் என்னை நம்பினாள். அம்மாவுக்கு அவள் விளையாடுவது ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது, அரைக்கால் டவுசர் போட்டுக்கொண்டு ஓடுகிறாள் என்று சொல்லிச் சொல்லித் திட்டுவார். அதனால் அம்மா மறந்தாரா, வேண்டுமென்றே சொல்லாமல் விட்டாரா என்றுதான் அவளுக்குச் சந்தேகம் போனதே தவிர என் பக்கம் வரவே இல்லை. ஷூப் பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

அப்புறம் அவள் மைதானத்துக்கு வரவில்லை. வகுப்புக்கு வந்தாள், படித்து முடித்தாள். என்னிடம் நன்றாகத்தான் பேசினாள். அதுதான் எனக்கு முள்ளாகக் குத்தியது. தேர்வு ஆனதற்கு வாழ்த்து வேறு சொன்னாள். போட்டிக்கு நான் வெளியூர் போனபோது, என் ஷூவைக் கொடுத்தனுப்ப முடியாது, உன் கால் பெரிசு என்று சிரித்தாள். அந்தப் போட்டியில்தான் நான் ஆறு நிமிடம் ஆடினேன். மீதி நேரமெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தேன். முன்னால் பந்தைக் கொண்டுவருகிற பெண் தடுமாறும்போதெல்லாம் எங்கள் பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொள்வார். நான் தரையைப் பார்ப்பேன்.

சான்றிதழ் வந்தது. படிப்பு முடிந்ததும் வேலையும் வந்தது, மதுரையிலேயே. அலுவலக அணிக்காக இரண்டு வருடம் ஆடினேன். ஒரு நாள் குதித்து இறங்கும்போது முழங்கால் மடங்கியது, அதோடு சரி. அம்மாவுக்குச் சந்தோஷம். என் உயரத்துக்கு ஒரு மாப்பிள்ளை கிடைக்காவிட்டாலும் சம்பளம் கிடைத்துவிட்டதே என்று ஊரெல்லாம் சொன்னாள். என் தோழி சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வெடிப் பெட்டிகளுக்கு ஒட்டுகிற லேபிளைச் சரிபார்க்கிற வேலையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. எல்லாம் பழசாகிவிட்டது, அவளே மறந்திருப்பாள் என்று வைத்துக்கொண்டேன். தப்பு செய்தவர்களுக்கு இப்படி வைத்துக்கொள்வது ரொம்ப வசதி.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், லீவில் வந்தபோது விருதுநகர் பஜாரில் பி.டி. மேடத்தைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் அவளைப் பற்றிச் சொன்னார். "அந்தப் புள்ள அவங்க அம்மாகூட மொகம் குடுத்துப் பேசுறதே இல்லையாம், பேசுனாலும் ஏச்சுதானாம். ஒரே வீட்ல இருந்துக்கிட்டு. அந்த செலக்‌ஷனுக்குச் சொல்லாம விட்டாங்கல்ல, அதுல இருந்து." சொல்லிவிட்டு அவர் கொத்துமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசப் போய்விட்டார். அந்தப் பொய்யை ஒரு நாளைக்கென்று சொன்னேன். அது அவர்கள் வீட்டில் மூன்று வருடமாகக் குடியிருந்திருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுப்பட்டி பஸ்ஸில் ஏறினேன். அவள் வீட்டுக்கு நான் போவது அதுதான் முதல் தடவை. வழி விசாரித்துப் போனேன். ஓட்டு வீடு, முன்னால் சிமெண்டுப் படி. அவள் அம்மா படியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். விரல் மூட்டெல்லாம் இன்னும் வீங்கியே இருந்தது. அந்தக் கையோடுதான் இன்னமும் மருந்து அடைக்கிற அறைக்குப் போய்வருகிறார் என்று நகக்கண்ணில் இருந்த வெள்ளிப் பொடியைப் பார்த்ததும் தெரிந்தது. கல்லூரியில் ஒரு விழாவுக்கு வந்தபோது என்னைப் பார்த்திருக்கிறார், என் உயரத்தை யாரும் மறக்க மாட்டார்கள். கீரையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். வாங்க, உட்காருங்க என்று உபசாரம் ஒன்றும் செய்யவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வா தாயி. உன்னயப் பாத்து ஒரு வார்த்த சொல்லணும்னு எம்புட்டு நாளா நெனச்சுக்கிட்டு இருக்கேன். அன்னைக்கு அம்புட்டு வெயில்ல அலஞ்சு வந்து சொல்லிட்டுப் போன. நான் பாவி, காய்ச்சல்ல மறந்து தொலச்சிட்டேன். மன்னிச்சிரு தாயி."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். நான் செய்ததற்கு என்னிடம். அந்த நேரம் பார்த்து அவள் தெருக்குழாயிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அம்மாவைத் தாண்டி வந்தாள், அம்மா பக்கம் திரும்பவே இல்லை. இனிமேல் யோசித்தால் திரும்பவும் ஓடிவிடுவேன் என்று பயந்து, இரண்டு பேரும் இருக்கும்போதே சொன்னேன்.

"அம்மா, நான் வரவே இல்லம்மா. சிவகாசி வரைக்கும் வந்தேன். புதுப்பட்டி பஸ்ல ஏறல. அவ வந்தா எனக்குக் கிடைக்காதுன்னு வேணும்னே ஏறல. உங்ககிட்டச் சொன்னேன்னு பொய் சொல்லிட்டேன்."

அவள் அம்மா சிரித்தார். கேலியாக இல்லை, சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி.

"இல்ல தாயி. வந்தியே. இந்தா, இந்தப் படியிலதான உக்காந்த. மோரு கரச்சுக் குடுக்கச் சொன்னேன், நீயே போயி எடுத்துக் குடிச்ச. உப்பு கூடிப்போச்சுன்னுகூடச் சொன்ன." பிறகு மகள் பக்கம் திரும்பி, "பாரு, நம்ம ரெண்டு பேரும் இப்பிடி இருக்கமேன்னு பழியத் தன் மேல போட்டுக்கிருது. நல்ல புள்ள" என்றார்.

நான் இல்லை இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு, இரு, காப்பி போடுகிறேன் என்று உள்ளே போனார். அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

காப்பி குடிக்க முடியாமல் குடித்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் நிறுத்தம் வரை அவள் கூடவே வந்தாள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எங்கிட்டச் சொல்லிட்ட, சரி. என்னய விடு. மூணு வருசமா எங்கம்மாவ நான் என்னென்ன பேசிருக்கேன் தெரியுமா? மொதல்ல அவ, நீ வரவே இல்லன்னு சத்தியம் பண்ணுனா. கோயில்ல சூடம் அணைக்கிறேன்னா. நான் நம்பல. அப்புறம், தெரியலயே, வந்திருப்பாளோன்னா. இப்ப நீ மோரு குடிச்சதுகூட ஞாபகம் இருக்குங்கா. நான் ஏசி ஏசியே அவள அப்பிடி நெனைக்க வச்சிட்டேன்."

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது.

"நீ அடுத்த ஞாயித்துக்கிழம வரணும். வந்து திருப்பிச் சொல்லணும். அவ நம்புற வரைக்கும் வந்து சொல்லு. அது வரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் பேசாத" என்றாள். பஸ் வந்து நின்றதும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அடுத்த ஞாயிறு போனேன். சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். அவள் உள்ளே அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். இப்போது அம்மாவும் மகளும் பேசிக்கொள்கிறார்கள், அது மட்டும் நடந்தது. ஆனால் அவள் அம்மா நம்பவில்லை. மேடம் என்னை அனுப்பியது, இரண்டு பஸ் வந்தது, கண்டக்டர் கூப்பிட்டது, சர்பத் குடித்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டுவிட்டு, மனசு நொந்து போயிருக்க தாயி, விடு என்பார். நான் போகப்போக அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்கு இன்னும் தெளிவாகிக்கொண்டே வந்தது. நான் கட்டியிருந்த ரிப்பனின் நிறம் சொன்னார். வாசலில் செருப்பைக் கழற்றி எந்தப் பக்கம் விட்டேன் என்று சொன்னார்.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ போனபோது நான் வழக்கம்போல ஆரம்பிப்பதற்குள் அவர் என் கன்னத்தைத் தொட்டார்.

"நான் எந்திரிக்க மாட்டாமக் கெடக்குறதப் பாத்துட்டு எனக்குக் கால் அமுக்கிவிட்டியே தாயி. ஒண்ணும் கவலப்படாதீக, நாளைக்கு விடிய நானே வந்து அவள மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்னு சொன்ன. அந்த வார்த்தய மறப்பனா நான்?"

நான் அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். இல்லம்மா, நான் வரல, சிவகாசி பஸ் ஸ்டாண்டோட திரும்பிட்டேன் என்று மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.